ஒரு சொல்லுக்கு அர்த்தம்

பிற்பகல் மூன்று பத்து. துறைமுகச் சாலையில், கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் மின்விசிறி முனகிச் சுற்றுகிறது. தம்பி மாரிராஜ் போன கப்பலிலிருந்து பதினொரு நாளாகத் தகவல் இல்லை. ஆங்கில ஆசிரியை சண்முகசுந்தரி அவன் கடைசியாக வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மறுபடியும் படிக்கிறாள். ‘கேப்டன் கடலப் பாத்து “ஈரி”ன்னு சொல்லுதாரு. இங்கிலீசுல அப்படின்னா என்னக்கா?’ பதிலுக்கு, ‘eerie’ என்றால் காரணம் தெரியாமல் மனதைக் கலங்கவைப்பது என்று அர்த்தம் எழுதியிருக்கிறாள். ஆளில்லாத பள்ளிக்கூடத்தை உதாரணம் காட்டியிருக்கிறாள். அதன் கீழே, ‘நீ ஒரு வாக்கியம் எழுதி அனுப்பு.’ பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. அவன் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக்குகள். வெளியே லாரியிலிருந்து உப்பு சரசரவென்று கொட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், எழுத்துத் தெரியாத அம்மா சீனித்தாய், முந்தானையால் கைபேசித் திரையைத் துடைக்கிறாள்.

“ஏளா, புள்ள கடைசியா ஒங்கிட்ட என்னதான் கேட்டான்?”