நாலு மணித் தீமிதி

"வேண்டுதலைத் தடுக்க நான் யாரு, தாயி?" என்றார் கோயில் தலைவர் மாயாண்டி.

காந்திமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கம்மாவுக்குச் சர்க்கரை வியாதி மாமா. கால்ல ஒரு கொப்புளம் வந்தாக்கூட ஆறாது, காலையே எடுக்க வேண்டி வரும்னு ஈப்போ டாக்டர் சொல்லிட்டாரு. 'இருளாயி, நீ மிதிக்கக் கூடாது'ன்னு அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"உங்கம்மா கேக்காதுலா. நீ யுனிவர்சிட்டிக்குப் போகணும்னு வேண்டிக்கிட்டது. போயிட்ட. இனிமே அது யாரு பேச்சைக் கேக்கும்?"

மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்கான கூட்டம் அது. சுற்றிலும் ஆண்கள். காந்திமதி பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறவள். வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லை.

"முதல்ல, சித்திரையில தீமிதிக்கிறதே இந்த ஊருக்குப் பொருந்தல" என்று எழுந்து நின்றாள்.

"பூமி சாஞ்சபடியே சூரியனைச் சுத்துது. அதனால சூரியன் தெக்கேயும் வடக்கேயும் போய்ப் போய் வருது. இப்ப வடக்க ஏறுற நேரம், நம்ம தலைக்கு மேல. காத்து சூடாகி மேல எழும்பும், இங்க அழுத்தம் குறையும், ரெண்டு பக்கத்துக் காத்தும் ஓடி வந்து முட்டும். காலையில பளிச்சுன்னு இருக்கும், நாலு மணிக்கு இடியோட ஊத்தும். அந்தக் குறைஞ்ச அழுத்தப் பட்டை இந்தியாவுக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும். அதான் அங்க சித்திரையில வெயில் கொளுத்துது. பஞ்சாங்கம் அந்த ஊரு, வானம் இந்த ஊரு. எதுக்கு இந்தத் தீமிதி?"

"பூமி சாயுதுன்னா, அதுவும் கள்ளுக்கடைப் பக்கம் போயிட்டு வந்திருக்கும்லா" என்றான் லோரி ஓட்டும் ராஜு.

கூட்டம் சிரித்து ஓய வெகுநேரமானது.

"உட்காரு புள்ள" என்று மாயாண்டி மேளக்காரர் விஷயத்துக்குப் போய்விட்டார்.

திருவிழாவன்று காலை ஒலிபெருக்கி அலறியது. சட்டமன்ற உறுப்பினர், மாண்புமிகு ஒய்.பி. வருகிறாராம். வழக்கமாகப் பத்து மணிக்கு நடக்கும் தீமிதி இந்த வருஷம் நாலு மணிக்காம்.

காந்திமதி கோயிலுக்கு ஓடினாள்.

"அவரு வந்து மாலை போட்டுக்கணும், அதுக்கு எங்கம்மா சாயங்காலம் வரைக்கும் பட்டினி கிடக்கணுமா? அம்மன் பெருசா, ஒய்.பி. பெருசா மாமா?"

"பாலும் இளநீரும் குடிக்கலாம்னு பூசாரி சொல்லிட்டாரு. உங்கம்மாகிட்டயும் சொல்லியாச்சு."

"இதுக்குப் பேரு பக்தியா?"

"அவரு மனசு வச்சாத்தான் தோட்டத்துக்குத் தண்ணிக் குழாய் வரும். போ தாயி, வேலை கெடக்கு."

சாயங்காலம் குழி செக்கச்செவேலென்று கனன்றது. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக இருளாயி வரிசையில் நின்றாள். ஒய்.பி.யைக் காணோம். மாயாண்டி மட்டும் நிலைகொள்ளாமல் ரோட்டுப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார்.

மலைப் பக்கமிருந்து திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. இளைஞர்கள் குழியை மூடத் தகரம் தூக்கி வந்தார்கள்.

"வச்சிட்டுப் போங்கடா" என்று மறித்தார் மாயாண்டி. "மாரியம்மன் கோயில்ல மழையை மறைக்கிறதா?"

இந்த மனுஷனுக்கு எதிலும் அறிவு கிடையாது என்று காந்திமதி பல்லைக் கடித்தாள்.

மழை கொட்டித் தீர்த்தது. குழி சீறிப் புகைந்து, கருத்து, குளமாகிவிட்டது.

"நாளைக்கு வச்சுக்கலாமா, தலைவரே?" என்றார் பூசாரி.

"ஆத்தாளே இறங்கிக் குளிர வச்சிருக்கா. தள்ளிப்போட்டா குத்தம். கரகம் குழியில இறங்கட்டும்."

கணுக்கால் வரை கரிச்சேறு. அதில் இருளாயி நிதானமாக நடந்து வந்தாள். கரையேறியதும் காந்திமதி அவள் காலைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்தாள். கரிதான். துடைத்தால் போய்விட்டது. அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நல்ல காரியம் முடிஞ்சிருக்கு, அழுவுறியேடி" என்று சிரித்தபடி இருளாயி அம்மனைப் பார்க்க உள்ளே போனாள்.

தொப்பலாக நனைந்து மாயாண்டி வந்தார். அழுத கண்ணோடும் காந்திமதியால் விட முடியவில்லை.

"உங்க ஒய்.பி. வரவே இல்லையே மாமா."

"கூப்பிட்டாத்தானே வருவாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"குழி மழையில நனையட்டும்னுதான் நேரத்தை மாத்துறேன்னு மைக்ல சொல்ல முடியுமா? உங்கம்மா விட்டுருமா?" அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு நீ பேசுனதை நம்பி நாலு மணின்னு வச்சிட்டேன். உங்கம்மா வரிசையில வந்து நிக்குது, மேலே பார்த்தா ஒரு மேகம் இல்ல. குழியில எரிஞ்சதைவிட என் வயித்துல எரிஞ்சது ஜாஸ்தி, தாயி."