கையில் காசில்லாதவனின் கயோட்டி வேட்டை

"மாமா, இது உங்க கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்த மெத்தை விரிப்புதானே?"

"மெதுவாப் பேசு. இது விரிப்பு இல்ல. பனியில நம்மள மறைக்கிற கவசம்."

அமெரிக்காவில், வயோமிங்கின் ஏப்ரல் பனியில், புதர் மண்டிய மேட்டின் உச்சியில் இருவரும் ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெர்லின் வெள்ளை விரிப்பைத் தலையோடு போர்த்தியிருந்தான். அதில் ஊதாப் பூக்கள் இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. மச்சினன் க்ளீட் பனியும் புதரும் அச்சிட்ட வேட்டை உடையில் இருந்தான். அதன் விலைக்கு வெர்லின் ஒரு செம்மறிக் கிடாவே வாங்கியிருப்பான்.

வெர்லினுக்கு இது விளையாட்டு இல்லை. போன மாதம் கயோட்டி என்கிற அந்த ஊர்க் காட்டு நரி அவனுடைய செம்மறிக் குட்டிகளில் மூன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னும் ஒரு குட்டி போனால் மந்தையை விற்றுவிட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விடுவேன் என்று மனைவி டார்லாவிடம் சொல்லியிருந்தான். அவன் சொன்னால் செய்துவிடுகிற ரகம்.

சொன்ன கையோடு, தீவனப் பெட்டி அட்டையைக் கிழித்து, கையில் காசில்லாதவனுக்கு வேண்டிய வேட்டைச் சாமான் பட்டியலை எழுதி அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். மொத்தம் ஆறு. தாத்தாவின் துப்பாக்கி, விரிப்பு, வாளி, காற்றடிக்கும் திசை பார்க்க டால்கம் பவுடர், துப்பாக்கியைத் தாங்கக் கூடாரக் கம்பிகள், அடிபட்ட முயல் அலறுவதுபோல் ஓசை எழுப்ப ஒலிபெருக்கியோடு தன் பழைய கைப்பேசி.

"மூணு வாரமா உக்காந்திருக்கீங்க. ஒரு வாலையாவது பாத்தீங்களா?" என்றான் க்ளீட்.

"வாலைப் பாக்கல. ஆனா இந்த மூணு வாரத்துல ஒரு குட்டி போச்சா? போகல. ஏன்? அதுங்களுக்கு என்னைத் தெரிஞ்சுபோச்சு. பயம்."

"இந்தப் பூப்போட்ட கோலத்துல பாத்தா பயமா வரும்?"

வெர்லின் பவுடர் டப்பாவை அழுத்தினான். வெண்புகை அவன் முகத்திலேயே வந்து அப்பியது. "பாத்தியா? எதிர்க்காத்து. நம்ம வாடை அந்தப் பக்கம் போகாது."

முப்பது அடி தள்ளி, புதருக்குள் வைத்த ஒலிபெருக்கியில் முயல் அலற ஆரம்பித்தது. மூன்று நிமிடம் அலறிவிட்டு, சட்டென்று நின்றது.

"பேட்டரி போச்சா?"

"போன் வருது!" வெர்லின் தலையில் கை வைத்தான். டிராக்டர் ஓட்டும்போது கை ஒழியாது என்று, வருகிற அழைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும்படி அந்தக் கைப்பேசியை வைத்திருந்தான்.

டார்லாவின் குரல் மேடு முழுவதும் கணீரென்று எழுந்தது.

"வா, என் தங்கமே! எங்க சுத்திக்கிட்டிருக்கே? கறி ஆறிப்போகுது. ரெண்டாளுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன். பின்வாசல் பக்கமா வா."

க்ளீட் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். "எனக்கும் சேத்து வச்சிருக்கா. அக்கான்னா அக்காதான். என்ன மாமா, தங்கமா?"

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் டார்லா வெர்லினை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஏதோ சொல்லத் திரும்பியவன், அப்படியே உறைந்தான்.

புதர் விலகாமல், பனி நொறுங்காமல், இல்லாத இடத்திலிருந்து உண்டானதுபோல அது வந்து நின்றது. காய்ந்த புல்லின் நிறம். காற்று அதன் முதுகு மயிரைப் பிரித்துப் பிரித்து விட்டது. மூக்கின் மேல் ஒரு பனித்துகள் விழுந்து, உருகாமல் இருந்தது. மஞ்சள் கண்கள் ஒலிபெருக்கியையே பார்த்தன.

"வா, வா. நான் என்ன கடிக்கவா போறேன்?" என்றது டார்லாவின் குரல்.

கயோட்டி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டது. பிறகு புதர் முன்னால், கோவிலுக்கு வந்தவர் வாசலில் உட்காருவதுபோல, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தது.

துப்பாக்கி வெர்லினின் தோளில்தான் இருந்தது. விரல்தான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று குட்டிகளை நினைத்துப் பார்த்தான். அப்போதும் கேட்கவில்லை. சுடு என்று சொல்ல வேண்டிய க்ளீட், தன் மடியிலும் ஒரு துப்பாக்கி இருப்பதையே மறந்து வாய் பிளந்திருந்தான்.

அழைப்பு நின்றதும் கயோட்டி எழுந்தது. இருவரையும் ஒரு முறை பார்த்தது. ஆள் தெரியாத விருந்தாளிகளைப் பார்க்கும் பார்வை. பிறகு சரிவில் இறங்கி, அவசரமே இல்லாமல் ஓடி மறைந்தது.

க்ளீட் அது போன திசையையே பார்த்தான். "எங்கிட்ட நூத்தி இருபது விதமா சத்தம் போடுற மிஷின் இருக்கு மாமா. இப்படி ஒண்ணு அதுல இல்ல."

வீட்டுக்குள் நுழையும்போதே வெர்லின் கத்தினான். "டார்லா! உன் குரலைக் கேட்டு கயோட்டி வந்து உக்காந்துச்சு! சத்தியமா! என்னைத் தங்கம்னு கூப்பிட்டியே, அதுல காட்டு மிருகமே இளகிப்போச்சு!"

டார்லா ஒரு கணம் விழித்தாள். கை மெதுவாக சமையல் ஏப்ரன் பைக்குள் போய், அங்கே தானாக அழுத்துப்பட்டு அவனை அழைத்துவிட்டிருந்த கைப்பேசியைத் தொட்டது. முகம் சிவந்தது.

"ஆமா," என்றாள். "கூப்பிட்டேன்."

"அக்கா, ரெண்டாளுக்கும் வச்ச கறி எங்க?"

"கறியா? தீந்துபோச்சு. பீன்ஸ் இருக்கு. கை கழுவிட்டு வாங்க."

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் டார்லா பின்வாசலைத் திறந்தாள். நகத் தடங்கள் பதிந்த பனிப்படியில் பளபளவென்று நக்கி வைத்திருந்த தட்டை, இந்த மூன்று வாரமாக எடுப்பதுபோலவே, சத்தமில்லாமல் எடுத்து உள்ளே வைத்தாள்.