அறுபத்தொன்பதாம் தட்டான்

ஞாயிற்றுக்கிழமைதோறும் வெள்ளாயணிக் காயல் கரையில் கௌசல்யா தட்டான்களை வலையில் பிடித்து, இறக்கையில் மார்க்கரால் எண் எழுதிப் பறக்கவிடுவாள். கணக்கெடுப்புக் குழுவில் எண் எழுதுவது அவள் மட்டும்தான். ஆறும் ஒன்பதும் குழம்பாமலிருக்க எண்ணுக்கு அடியில் சின்னதாக ஒரு கோடு போடுவது அவள் வழக்கம்.

இருபத்திரண்டு வரை எழுதி முடித்த அன்று, எதிரே நாணலில் 69 உட்கார்ந்திருந்தது. அடியில் கோடும் இருந்தது.

"ஆரோ விளையாடியிருக்காங்க, அக்கா. கணக்குல சேர்க்க வேண்டாம், கேட்டோ," என்றாள் குழுவை நடத்தும் அனுஷா, மலையாளம் கலந்த தமிழில்.

"கண்ணால பார்த்தாச்சு. எழுதாம விட மாட்டேன்," என்று கௌசல்யா நோட்டில் எழுதினாள்.

பிறகு ஒரு ஞாயிறையும் அவள் விடவில்லை. மழை பெய்தால் வெயில் வரும்வரை குடையோடு கரையிலேயே நின்றாள். ஏழாவது வாரம் அறுபத்தெட்டு முடிந்தது.

அடுத்த தட்டானை வலையிலிருந்து எடுத்து இறக்கையை விரித்தாள். அதில் 69 இருந்தது. அடியில் கோடு. மார்க்கர் மூடி போட்டபடி அவள் பையில் இருந்தது.

கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். மை விரலில் ஒட்டியது.