தண்ணீர்த் தெள்ளு

பல்கலைக்கழக விலங்கியல் செய்முறைத் தேர்வில் அந்த மாணவிக்கு வந்தது தண்ணீர்த் தெள்ளு என்னும் நுண்பூச்சி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. “ஒன்றும் இல்லை” என்று விடைத்தாளில் எழுதிவிட்டாள்.

வேறு ஊரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்குக் கோபம் தலைக்கேறியது.

“முப்பது வருஷமா நான் பார்க்காத பூச்சியாம்மா? நகரு!” கண்ணை லென்ஸோடு ஒட்டிக்கொண்டு குனிந்தார். “இதோ! கறுப்பா, வளைஞ்சு, வரிசையா காலு. அடடா, என்னமா அசையுது! உனக்குத் தெரியலையா?”

“இல்லையே சார்.”

பக்கத்து மேசை மாணவனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

“சூப்பரா தெரியுது சார்!” என்றான். அவனுக்கும் மார்க் வேண்டுமே.

“கேட்டியா? பத்துக்கு முட்டை. அடுத்த வருஷம் வந்து எழுது.” தாளில் பெரிதாக ஒரு சுழி போட்டார்.

ஒரு வருடம் போச்சே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

அப்போது லேப் அட்டெண்டர் ஒரு ஸ்லைடை ஏந்தியபடி ஓடிவந்தார்.

“மன்னிக்கணும் சார். அவசரத்துல இந்தப் பொண்ணுக்கு வெறும் ஸ்லைடை வச்சுட்டேன். பூச்சி இதுல இருக்கு.”

தேர்வாளர் அந்த வெறும் ஸ்லைடையே மறுபடியும் குனிந்து பார்த்தார். கண்ணைச் சிமிட்டினார், கால்கள் அசைந்தன. இன்னொரு தரம் சிமிட்டினார். அவருடைய இமைமுடிகள் அசைந்தன.

நிமிர்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்குத் தெரியாதா? உன் நேர்மையைத்தான் சோதிச்சேன்மா.”

சுழிக்கு முன்னால் சத்தமில்லாமல் ஒரு ஒன்று போட்டார்.