தெளிந்த பிறகு

"கவலைப்படாதீங்க. உங்க மாமியாருக்கு இருக்கிறது முதுமை மறதி இல்லை. வைட்டமின் பி12 ரொம்பக் குறைஞ்சு, ரத்தத்துல ஹோமோசிஸ்டீன்ங்கிற கெடுதலான பொருள் ஏறியிருக்கு. தொடர்ந்து ஊசி போட்டா ஞாபகம் திரும்ப வாய்ப்பிருக்கு" என்றார் டாக்டர்.

மாமியார் சுலைகா பீவியைக் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்கு அழைத்து வந்திருந்த இஃப்ராவின் முகம் வாடியது.

"ஊசி போடாம விட்டா என்ன ஆகும் டாக்டர்?"

டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "பக்கவாதம்கூட வரலாம். ஏன், அவங்க குணமாகறதுல உங்களுக்கு இஷ்டமில்லையா?"

அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்த சுலைகா பீவி குரல் கொடுத்தாள். "ஏம்புள்ள, சவுதியிலேருந்து எம்மவன் ஆதில் பேசினானா?"

"காலையில பேசினாக மாமி. நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீக."

இஃப்ரா குரலைத் தாழ்த்தினாள். "அவுக போன வருசமே அங்கன விபத்துல மவுத்தாயிட்டாக டாக்டர். அடக்கமும் அங்கனயே. மொதல்ல மாமி கேக்குறப்பல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்குற மாதிரி துடிச்சாக. அதான் தினமும் பொய் சொல்றேன்."

 டாக்டர் ஊசியை எழுதிக் கொடுத்தார். இஃப்ரா மறுக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் சுலைகா பீவி சமையலறைக்கு வந்து மருமகளின் கையைப் பிடித்தாள்.

"எம்மவன் மவுத்தானதுக்கு நீ அழுது நான் பாக்கவே இல்லையே புள்ள. இனி எனக்காக அடக்கி வைக்க வேணாம்."

இஃப்ரா அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.