யானைகிட்ட நேராப் பேசக் கூடாது

ஒரு ராஜா படையில பட்டத்து யானைதான் தளபதி. அதுக்குக் கீழ குதிரை, குதிரைக்குக் கீழ மாடு, எல்லாருக்கும் கடைசியில வடக்கயிறு சுமக்குற கழுதை. யானைக்குத் தங்கத்துல நெத்திப்பட்டம் உண்டு. அத ஒரு தடவ குரங்கு திருடிட்டுப் போயி கொழம்புச் சட்டிக்கு மூடியாப் போட்டுச்சாம், அது கெடக்கட்டும். கழுதை யானைகிட்ட நேராப் பேசக் கூடாதாம். கட்டையில போற சட்டம்! மாட்டுகிட்ட சொல்லணும், மாடு குதிரைகிட்ட சொல்லும், குதிரை யானைகிட்ட சொல்லும். கழுதையோட புருஷன் ஒருநா அவசரத்துல நேராப் பேசிட்டான். அடிச்சே அவன் கால ஒடிச்சிட்டாங்க, பாவிங்க.

படை போற வழி கழுதைக்குப் பழகுன வழி. "முன்னால புதைசேறு இருக்கு, சொல்லிருங்கண்ணே"ன்னு மாட்டுகிட்ட சொல்லுச்சு. மாடும் ஓடிப்போய்ச் சொல்லுச்சு.

"கழுதை பேச்ச நான் சொமந்துகிட்டுப் போறதா? எம் மானம் என்னத்துக்காகுறது?"ன்னு குதிரை மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

யானை பொதக்குன்னு சேத்துல எறங்கிடுச்சு. அதப் பாத்ததும் குதிரை வாலத் தூக்கிகிட்டு ஒரே ஓட்டம்.

"ஏ கழுதை, என்னடி வேடிக்கை? கயித்தப் போடு!"ன்னு யானை பிளிறுச்சு.

புருஷனோட ஒடிஞ்ச காலு கண்ணு முன்னால வந்துச்சு. கழுதைக்கு ஒடம்பெல்லாம் பத்திகிட்டு எரிஞ்சுது.

"எங்கிட்ட நேராப் பேசலாமாங்கய்யா? குதிரைகிட்ட சொல்லுங்க. அது மாட்டுகிட்ட சொல்லட்டும், மாடு எங்கிட்ட சொல்லட்டும். கயித்தோட இங்கதான் நிக்கிறேன்."

கழுத்து வரைக்கும் சேறு ஏறுன பெறகும், "எங்கடா அந்தக் குதிரை?"ன்னுதான் யானை கத்திகிட்டு இருந்துச்சு.