உபயம்: ஜோதிலட்சுமி பழக்கடை

சைரன் சத்தம் தென்காசிப் பக்கமிருந்து வந்தது.

என் வீட்டுக்காரர் ரம்புட்டான் கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். குற்றாலம் ரோட்டில் எங்கள் பழக்கடைக்கு முன்னால் அன்று காலையில்தான் இரண்டு பேரிகார்டுகளை நிறுத்தியிருந்தார்கள். எந்த வண்டியாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்து, வளைந்துதான் போக வேண்டும்.

அதைப் பார்க்கத்தான் எழுந்தார். போலீஸ் ஜீப் இந்த இடத்தில் ஒரு தடவையாவது மெதுவாகப் போக வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் பேரிகார்டில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்க வேண்டும். எங்களுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

போன சாரல் சீசனில் இதே இடத்தில்தான் எங்கள் மகள் ஜோதி ஸ்கூட்டியில் ரோட்டைக் கடந்தாள். ஜீப் வந்த வேகத்தில் வண்டி ஒரு பக்கம் கிடந்தது, பிள்ளை ஒரு பக்கம் கிடந்தாள்.

வழக்குப் பதிந்ததும் அவர்கள்தான், விசாரித்ததும் அவர்கள்தான். ஜீப் அவசர அலுவலாக அருவிக்குப் போனதாம், பிள்ளைதான் பார்க்காமல் குறுக்கே வந்தாளாம். டிரைவரைச் சிவகிரிப் பக்கம் மாற்றினார்கள். பொங்கலுக்குள் திரும்பி வந்துவிட்டார். முன்சீட்டில் இருந்த அதிகாரியை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவசரம் என்று சொன்னதை நான் நம்பினேன். அருவியில் யாரையோ தண்ணீர் இழுத்திருக்கும், காப்பாற்ற ஓடியிருப்பார்கள். அப்படி நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கியது.

பேரிகார்டு வைக்கச் சொல்லி இவர் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். உபயத்துக்கு ஆள் கொண்டு வந்தால் வைக்கிறோம் என்றார்கள். நகைக்கடைக்காரர்கள் பெயர் போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. சரி, நாமே கொடுப்போம் என்றார் இவர். பிள்ளையைக் கொன்றவர்களுக்கு உபயம் வேறயா என்று நான் பல நாள் இவரோடு பேசவில்லை.

அதிலும் ஒரு வில்லங்கம். 'மகள் ஜோதிலட்சுமி நினைவாக' என்று எழுதக் கூடாதாம். செத்தவர்கள் பெயரெல்லாம் வேண்டாம், கடைப் பெயர் என்றால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இவர் நேரே கடைக்கு வந்து, 'செண்பகா பழக்கடை' என்றிருந்த எங்கள் போர்டைக் கழற்றிவிட்டு, 'ஜோதிலட்சுமி பழக்கடை' என்று புதிதாக எழுதி மாட்டினார்.

சைரன் நெருங்கியது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டூரிஸ்ட் வேன்களை ஒதுக்கிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் செந்தில்வேல் கத்தினார்.

"அண்ணாச்சி, அதை இழுத்து விடுங்க! சார் வண்டி வருது!"

இவர் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. நில்லுங்க, அப்படியே நில்லுங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் இவர் மலையைப் பார்த்தார். காலையிலிருந்தே மேலே நல்ல மழை. அருவியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது என்று வேன்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, யார் பெத்த பிள்ளையோ அங்கன மாட்டிக்கிட்டு கெடக்கோ என்னவோ" என்றார்.

ஓடிப்போய் இரண்டு கையாலும் பேரிகார்டை இழுத்தார். ஜீப் சேற்றுத் தண்ணீரை அதன் மேல் வாரியடித்துவிட்டுப் பறந்தது. முன்சீட்டிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, நன்றி சொல்கிற மாதிரி அசைந்தது.

நான் இவரைத் திட்டவில்லை. நானாக இருந்தாலும் இழுத்திருப்பேன். இரண்டு பேருமாக அதைப் பழைய இடத்திலேயே நிறுத்தினோம். ஜோதி பெயர் மேலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தேன். அங்கே மாட்டிய பிள்ளை பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று குற்றாலநாதரைக் கும்பிட்டேன்.

சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தபோது ஜீப் திரும்பி வந்தது.

சைரன் இல்லை. அவசரமும் இல்லை. பின்ஜன்னலில் ஈரத்துண்டுகள் தொங்கின. உள்ளே இருந்தவர்கள் தலையெல்லாம் ஈரம். நல்லெண்ணெய் வாசனை கடை வரைக்கும் வந்தது. குடும்பத்தோடு குளித்துவிட்டு வருகிறார்கள்.

போன வருஷத்து அவசரம் என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷமாக நான் சாப்பிட்ட சோறெல்லாம் நெஞ்சுக்குத் திரும்பி வந்தது.

பேரிகார்டுக்கு முன்னால் ஜீப் மெதுவானது. நின்றேவிட்டது.

அதே டிரைவர், அதே அதிகாரி. அதிகாரி தலையை வெளியே நீட்டி, பெயரை வாய்விட்டுப் படித்தார். "ஜோதிலட்சுமி பழக்கடை." டிரைவர் மட்டும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்துக்கென்று இவர் ஒரு வார்த்தை வைத்திருந்தார். கடையில் ஆள் இல்லாதபோது எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார், நானே கேட்டிருக்கிறேன். 'அது எங்க பிள்ளை பேரு சார்.' அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, மங்குஸ்தான் இனிப்பா இருக்குமா?" என்று அதிகாரி கேட்டார்.

இவர் ஜீப் பக்கத்தில் போனார். அதைச் சொல்ல வாயெடுத்தார். பின்சீட்டில் ஒரு சின்னப் பிள்ளை, அதிகாரியின் மகளாக இருக்க வேண்டும், துண்டைப் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். இவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலையில வந்தது சார்" என்றார். "நல்லா இருக்கும்."